நோக் குளிசை போட்டால் சீனி இறங்குகிறது. சீனி வருத்தம் மாறிவிட்டதா?

முல்லைத்தீவு மாவட்டத்தில் குளத்தை அண்டிய ஒரு கிராமத்திலிருந்து ஒரு சகோதரி ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு 52 வயது. 2009இல் செல் விழுந்து இடதுகால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இடுப்பில் இன்னும் இரண்டு செல் துண்டுகள் இருக்கின்றன. செயற்கைக்காலோடு வயலும் செய்து ஒரு சின்னக் கடையும் நடத்துகிறார். ஆறு வருடமாகச் சீனி வருத்தம். கிளினிக்கில் கொடுக்கும் மெட்போர்மினும் கிளிக்லசைட் 80 மி.கி. காலையும் இரவும். கெட்ட கனவு வந்து கத்தி எழும்புவதற்காக மனநல கிளினிக்கில் ஃபுளுஒக்செட்டீன் குளிசையும் எடுக்கிறார்.

மூன்று மாதத்துக்கு முன் புதுச் செயற்கைக்கால் மாட்டியதிலிருந்து நோவு தாங்க முடியவில்லை. "இல்லாத பாதம் எரியுது" என்று இரவில் அழுதிருக்கிறார். தனியார் வைத்தியர் ஒருவர் ட்ரமடோல் என்ற நோக் குளிசை 50 மி.கி. நாளுக்கு மூன்று எழுதிக் கொடுத்தார். வைத்தியர் எழுதிய மருந்துத் துண்டு முடிந்த பிறகு அவரே பாமசியில் வாங்கத் தொடங்கி, மூன்றாவது கிழமை நாளுக்கு ஆறாகிவிட்டது. அந்தக் கிழமையில் ஒரு நாள் விடிய மூன்று மணிக்குப் பாய் நனையும் அளவுக்கு வேர்த்து, ஆளையும் தெரியாமல், சம்பந்தமில்லாமல் ஏதோ பேசியிருக்கிறார். "போதை தலைக்கேறிவிட்டது" என்று மைத்துனர் தலையில் தண்ணீர் ஊற்றினார். பக்கத்து வீட்டு ரீச்சர் தன் மெசினைக் கொண்டுவந்து விரலில் குத்திப் பார்த்தபோது 48.

சீனித் தண்ணீர் கொடுத்து ஆள் தெளிந்தார். தெளிந்தவர் சொன்னாராம்: "பார், எனக்குச் சீனி வருத்தம் மாறிட்டுது. இந்தக் குளிசைதான் மாத்தினது." அன்றோடு சீனிக் குளிசைகளை நிறுத்திவிட்டார். இந்தச் சகோதரிக்குக் கோபம் வந்து மிச்சமிருந்த ட்ரமடோலை அள்ளி அடுப்பில் போட்டிருக்கிறார். இரண்டாம் நாள் கணவருக்குக் கொட்டாவி, மூக்கால் தண்ணீர், உடம்பு புல்லரிப்பு, வயிற்றோட்டம், மறுபடி வேர்வை. வேர்வையைக் கண்டு மாமியார் சீனி போட்ட தேத்தண்ணி இரண்டு கோப்பை கொடுத்தார். பிறகு குத்திப் பார்த்தால் 286. "குளிசை இல்லாததால்தான் சீனி ஏறுது" என்று கணவர் திரும்ப வாங்கிவிட்டார். இப்போதும் நாளுக்கு ஆறு. சீனிக் குளிசை இல்லை. காலையில் வெறும் வயிற்றில் 210க்கு மேல் நிற்கிறது.

கேள்விகள் மூன்று. நோக் குளிசை சீனியைக் குறைக்குமா, கூட்டுமா? என் மனுசன் போதைக்கு அடிமையாகிவிட்டாரா? கிளினிக்கில் சொன்னால் பொலிசுக்குப் போகுமா? கடைசியில் ஒரு வரி: "அவருக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன், பிழையா தெரியவில்லை."

அன்புத் தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும் விட முக்கியமான வரியை நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள். அந்த இரவு "வயித்தைப் பிரட்டுது எண்டு ரெண்டு இடியப்பத்தோட எழும்பிட்டார், குளிசை மட்டும் எல்லாம் போட்டவர்." மூன்று மணிக்கு நடந்ததற்கு விளக்கம் பெரும்பாலும் அந்த இரண்டு இடியப்பத்தில் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் உங்கள் மனதை அழுத்துவதைச் சொல்லிவிடுகிறேன். அன்று அவர் போதையில் உளறவில்லை. மூளைக்குச் சீனி போதாமல் உளறினார். 70க்குக் கீழே போனாலே குறைவு என்போம். 54க்குக் கீழே போனால் மூளை தடுமாறத் தொடங்கும். 48இல் ஆள் தெரியாமல் பேசுவது எதிர்பார்க்கக்கூடியதுதான். இதில் வைத்தியர்களே ஏமாறுவோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு இரவு கள்ளு மணக்க மணக்க ஒருவரைத் தூக்கி வந்தார்கள். "வெறி, படுக்க விடுங்கோ" என்று நானும் நினைத்துவிட்டேன். வயதான ஒரு தாதிதான் என்னைக் கேட்காமலே விரலில் குத்தினார். 31. இன்றைக்கும் யாராவது "வெறி", "போதை" என்று சொல்லி ஒருவரைக் கொண்டுவந்தால் என் கை முதலில் குளுக்கோமீற்றருக்குத்தான் போகும்.

சீனியைக் குறைக்குமா, கூட்டுமா?

இரண்டும் நடக்கும். ஒரே வீட்டில், ஒரே ஆளுக்கு, ஒரே மாதத்தில் இரண்டும் நடந்ததை நீங்களே கண்ணால் பார்த்துவிட்டீர்கள்.

அபின் வகையைச் சேர்ந்த நோக்குளிசைகளை ஓபியொயிட் என்று சொல்கிறோம். மோர்பின், கோடீன், ட்ரமடோல், மெதடோன் எல்லாம் இந்தக் குடும்பம். ஆனால் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே குணம் இல்லை. மோர்பின் சீனியைக் கூட்டும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சில் கிளோட் பேர்னார் கண்டுவிட்டார். அது மூளையைத் தூண்டி அட்ரினலின் போன்ற சுரப்புகளைக் கிளப்ப, கல்லீரல் தன் இருப்பை இரத்தத்தில் கொட்டும். மெதடோனும் ட்ரமடோலும் சில பேரில் மறுபக்கம் இழுக்கின்றன.

கல்லீரலை நெல் போட்டு வைக்கும் கொம்பறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் சாப்பிட்டதில் ஒரு பங்கை அது உள்ளே போட்டு வைக்கும். இரவில் நாம் பட்டினியாகக் கிடக்கும் எட்டு மணித்தியாலமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுக்கும். இருப்புக் குறைந்தால் புதிதாகவும் செய்து கொடுக்கும். ட்ரமடோல் அந்தப் புதிதாகச் செய்யும் வேலையைக் குறைப்பதும், தசைகள் சீனியை இழுத்துக்கொள்வதைக் கூட்டுவதும் எலிகளில் செய்த ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. மனிதரிலும் இதே வழியாகத்தான் என்று நம்பக் காரணம் உண்டு. ட்ரமடோல் நோவு நரம்பில் மட்டும் வேலை செய்யாது. செரட்டொனின், நோரட்ரினலின் என்ற இரண்டு இரசாயனங்களையும் மூளையில் கூட்டும். சீனி இறங்குவதில் அவற்றுக்கும் பங்கு இருக்கலாம்.

இது எவ்வளவு பேருக்கு நடக்கும்? அரிதுதான். பிரித்தானியாவில் 1998 தொடக்கம் 2012 வரை ட்ரமடோலோ கோடீனோ புதிதாகத் தொடங்கிய 3,34,034 பேரின் பதிவுகளைப் பார்த்த ஓர் ஆய்வில், கோடீன் எடுத்தவர்களை விட ட்ரமடோல் எடுத்தவர்கள் சீனி குறைந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தது சுமார் ஒன்றரை மடங்கு. முதல் 30 நாளில் மட்டும் பார்த்தால் இரண்டரை மடங்கு. சீனி வருத்தமே இல்லாதவர்களிலும் நடந்திருக்கிறது. உங்கள் கணவருக்கு அது மூன்றாவது கிழமை, அளவை இரட்டிப்பாக்கிய கிழமை. கணக்கு பொருந்துகிறது.

ஆனால் ட்ரமடோல் தனியே இதைச் செய்திருக்காது. இப்போது அந்த இரண்டு இடியப்பத்துக்கு வருவோம். கிளிக்லசைட் கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும் குளிசை. நீங்கள் ஒரு நீத்துப்பெட்டி புட்டுச் சாப்பிட்டீர்களா, இரண்டு இடியப்பம் சாப்பிட்டீர்களா என்று அது பார்க்காது. தன் வேலையைச் செய்யும். ட்ரமடோல் ஓங்காளத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டைக் குறைத்தது. போன கொஞ்சத்தையும் இரைப்பையில் தேக்கியது. ஓபியொயிட் எல்லாம் வயிற்றின் நடையை மெதுவாக்கும், மலச்சிக்கல் வருவதும் அதனால்தான். குளிசை உச்சத்தில், சாப்பாடு இன்னும் வயிற்றில், கல்லீரலும் கை கொடுக்கவில்லை. மூன்றும் ஒரே நேரத்தில் சந்தித்தால் மூன்று மணிக்கு 48.

சரி, அப்படியானால் சீனி குறையும்போது வரும் நடுக்கமும் பசியும் படபடப்பும் அவரை ஏன் முன்கூட்டியே எழுப்பவில்லை? அந்த மணியை அடிப்பது அட்ரினலின். ஓபியொயிட் அந்த மணியின் சத்தத்தைக் குறைத்துவிடும். ஆழ்ந்த மயக்கத் தூக்கம் வேறு. ட்ரமடோலில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்: சீனி இறங்குவது ஒன்று, இறங்குவது தெரியாமல் போவது இன்னொன்று.

"மாறிட்டுது" என்ற நம்பிக்கை

உங்கள் கணவரைக் குறைசொல்ல மாட்டேன். ஆறு வருடம் குளிசை விழுங்கிய மனிதர், மெசினில் 48 என்று கண்டால் அப்படித்தான் ஆசைப்படுவார். ஆனால் அந்த 48, ஒரு இரவில் ஒரு மணித்தியாலத்தின் கணக்கு. வருத்தம் மாறியதா என்று கேட்க வேண்டியது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையிடம். இப்போது காலையில் 210 நிற்பதே பதிலைச் சொல்லிவிட்டது.

அடுத்தது அந்த 286. நீங்கள் குளிசையை அடுப்பில் போட்ட பிறகு ஏறியதால், குளிசை இல்லாததுதான் காரணம் என்கிறார். பாதி உண்மை. பழகிய ஓபியொயிட்டைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு அட்ரினலினை அள்ளி இறைக்கும். அது சீனியை ஏற்றும். சுருட்டிப் பிடித்த நோவும் சீனியை ஏற்றும், அதுவும் அட்ரினலின், கோர்ட்டிசோல் வழியாகத்தான். ஆனால் அதே நேரத்தில் சீனிக் குளிசைகளும் இல்லை. அதற்கு மேலே மாமி கொடுத்த இரண்டு கோப்பைத் தேத்தண்ணி. இத்தனையையும் விட்டுவிட்டு ஒன்றில் மட்டும் பழியைப் போட முடியாது.

நீண்ட காலம் தொடர்ந்தால் கதை இன்னும் மாறும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஓபியொயிட் எடுக்கும் ஆண்களில் டெஸ்டஸ்டெரோன் சுரப்புக் குறைந்து, தசை இளகி, வயிறு வைக்கும். இன்சுலின் சரியாக வேலை செய்யாது. இனிப்பில் ஆசை கூடும். கடையில் இருந்துகொண்டே இப்போது சோடாவும் தோடம்பழ இனிப்புமாகப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது வெறும் வாய் ருசி இல்லை. ஆக, தொடக்கத்தில் சீனியை இறக்கிய அதே குளிசை பின்னால் கூட்டவும் வழி செய்யும். இதைச் சீனிக்கு மருந்தாக நம்பி எடுப்பது, கிணற்றில் தண்ணீர் குறைந்ததைக் கண்டு வெள்ளம் வராது என்று வீடு கட்டுவது மாதிரி.

அடிமையாகிவிட்டாரா?

கொட்டாவி, மூக்கொழுகல், புல்லரிப்பு, வயிற்றோட்டம்: இவை உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டதற்கான அடையாளம். கிழமைக் கணக்கில் தொடர்ந்து எடுக்கும் யாருக்கும் இது வரலாம். உங்களுக்கும் வரலாம், எனக்கும் வரலாம். அதை மட்டும் வைத்து ஒருவரைப் போதைக்காரன் என்று சொல்லக் கூடாது. நோவு இல்லாத நாளிலும் தேடி எடுக்கிறாரா, கடையையும் வயலையும் விட்டுவிட்டாரா, பொய் சொல்கிறாரா, அளவு இன்னும் ஏறிக்கொண்டே போகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியதில் அவர் விடிய எழும்பிக் கடை திறக்கிறார், கணக்குப் பார்க்கிறார், குளிசையை மறைக்கவும் இல்லை. ஆனால் துண்டு இல்லாமல் வாங்குவதும், தானே அளவைக் கூட்டியதும் அந்தப் பாதையின் வாசல்தான். இன்னும் வாசலில் நிற்கிறார் என்பதே என் எண்ணம். நேரில் பார்க்கும் வைத்தியர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

குளிசையை அடுப்பில் போட்டதற்காக உங்களை நீங்கள் திட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் இன்னொரு முறை செய்யவேண்டாம். திடீர் நிறுத்தம் வயிற்றோட்டத்தால் நீரிழப்பைக் கொண்டுவரும், சீனியை ஏற்றும், அவரை மறுபடி பாமசிக்கே விரட்டும். குறைப்பது மெல்ல மெல்ல, வைத்தியர் போட்ட அட்டவணைப்படி. சாதாரணமாக ஒரு குளிசையைக் குறைத்து, ஒன்றிரண்டு கிழமை உடம்பைப் பழகவிட்டு, பிறகு அடுத்ததைக் குறைப்பார்கள். ஒவ்வொரு படியிலும் சீனி மாறும். அதற்கேற்ப சீனிக் குளிசையின் அளவையும் மாற்றவேண்டி வரும். இரண்டையும் ஒரே வைத்தியர் பார்ப்பது அதனால்தான் நல்லது.

பொலிஸ் பயம்

இன்றைக்கு வன்னியில் போதைக் குளிசை என்ற சொல்லுக்கு எவ்வளவு பயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எந்த ஊரில் பேசினாலும் ஒரு தாய் தன் பிள்ளையைப் பற்றி இந்தக் கேள்வியோடுதான் வருகிறார். ஆனால் நோவுக்காகக் குளிசை எடுக்கும் ஒரு நோயாளி கிளினிக்கில் உண்மையைச் சொன்னால், அது வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையிலான பேச்சு. அவரைப் பிடித்துக் கொடுப்பது எங்கள் வேலை இல்லை. உண்மையில் ஆபத்து மறுபக்கம் இருக்கிறது: துண்டு இல்லாமல் சட்டைப் பையில் ட்ரமடோல் வைத்துக்கொண்டு ஏ9 வீதியில் சோதனைக்கு நின்றால் விளக்கம் சொல்ல ஒன்றும் இருக்காது. வைத்தியர் எழுதித் தந்த துண்டு கையில் இருந்தால் சொல்ல ஒன்று இருக்கும். இன்னொன்று, தெரியாத இடத்தில் அட்டையில்லாமல் வாங்கும் குளிசைக்குள் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது.

மூன்று கொப்பி

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படிக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. சீனி கிளினிக்கில் ஒரு கொப்பி. மனநல கிளினிக்கில் இன்னொரு கொப்பி. தனியார் வைத்தியரின் துண்டு மூன்றாவது. அதுவும் முடிந்து இப்போது பாமசிக்காரரின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. உங்கள் கணவரின் உடம்பில் இந்த மூன்றும் ஒவ்வொரு நாளும் சந்திக்கின்றன. காகிதத்தில் ஒருநாளும் சந்தித்ததில்லை. சீனி கிளினிக்கில் இருக்கிற வைத்தியருக்கு ட்ரமடோல் என்ற ஒன்று இருப்பதே தெரியாது.

அந்த ஃபுளுஒக்செட்டீனை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குப் பெரிய விடயம். அதுவும் செரட்டொனினைக் கூட்டும், ட்ரமடோலும் கூட்டும். இரண்டும் சேர்ந்தால் சில பேருக்கு நடுக்கம், காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, குழப்பம். வலிப்புக்கூட வரலாம், ட்ரமடோலின் அளவு கூடினால் அந்த ஆபத்தும் கூடும். அதோடு ஃபுளுஒக்செட்டீன், ட்ரமடோலை நோவைக் குறைக்கும் வடிவத்துக்கு மாற்றுகிற நொதியைத் தடுக்கும். அதாவது இவர் மூன்று போட்டும் நோவு கேட்காமல் ஆறுக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதற்காக அந்தக் குளிசையை நிறுத்தச் சொல்லவில்லை. கனவுகள் திரும்பி வந்தால் அது வேறு வேதனை. மூன்று வைத்தியர்களில் ஒருவராவது மூன்று கொப்பியையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

நாலாவதாக ஒன்றும் கேளுங்கள்: சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் சோதனை. சிறுநீரகம் தளர்ந்தால் ட்ரமடோலும் உடம்பில் தேங்கும், சீனிக் குளிசைகள் சிலவும் தேங்கும். வவுனியாவை அண்டிய பகுதிகளில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருப்பது உங்களுக்குத் தெரியும். சீனி வருத்தமும் இருக்கிற வயல்காரருக்கு இது தவறவிடக்கூடாத சோதனை. "வைத்தியர் ட்ரமடோலை நிறுத்தினால் டைக்குளோபினக் ஊசி போட்டுக்கொள்ளலாம்" என்று மைத்துனர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். டைக்குளோபினக் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடிய நோ மருந்து. சிறுநீரகத்தின் நிலை தெரியாமல் அதைச் செய்யவே வேண்டாம்.

நோவை யார் பார்ப்பது?

இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியது எல்லாம் வீண். அவருக்கு நோவு உண்மையானது. நோவுக்கு வைத்தியம் கேட்பது அவருடைய உரிமை. சீனி வருத்தம் இருப்பதாலோ, குளிசையை அளவுக்கு மேல் எடுத்தார் என்பதாலோ அந்த உரிமை போய்விடாது.

புதுச் செயற்கைக்கால் மாட்டியபின் தொடங்கியது என்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் காலையே. காலைக் கழற்றியதும் வெளிச்சத்தில், ஒரு கண்ணாடியைக் கீழே பிடித்து, மிச்சக் காலின் முனையைச் சுற்றிலும் பாருங்கள். சிவந்த தடம், கொப்புளம், தோல் உரிந்த இடம், நீர் வடிதல். காலுறையில் ஈரமோ மணமோ இருக்கிறதா? சீனி வருத்தக்காரருக்குப் புண் நோகாமலே பெரிதாகும். அந்தப் புண்ணே காலைச் சீனியையும் 210இல் வைத்திருக்கலாம். புண் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கால் மாட்டாமல் போகவேண்டும். புண் இல்லை என்றால், முனை உள்ளே போகும் கிண்ணத்தின் பொருத்தத்தைச் சரிபார்க்கச் செயற்கைக்கால் செய்தவர்களிடமே திரும்பப் போகவேண்டும். உடல் மெலிந்தாலும் கொழுத்தாலும் கிண்ணம் பொருந்தாது. பழைய காலோடு நோவு குறைகிறதா என்று கேட்டுப் பாருங்கள். அது நல்ல துப்பு.

"இல்லாத பாதம் எரியுது" என்பது நரம்பின் நோவு. ட்ரமடோல் அதற்கு ஓரளவு கேட்கும். கபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்றவை அதற்கென்றே கொடுக்கப்படுகின்றன. ஆனால் ஃபுளுஒக்செட்டீன் எடுப்பவருக்கு அமிட்ரிப்டிலினையும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். இருக்கும் காலைக் கண்ணாடியில் காட்டி, இல்லாத கால் அசைவதாக மூளையை நம்பவைக்கும் பயிற்சி ஒன்றும் உண்டு. கேட்க விளையாட்டாக இருக்கும், சிலருக்குப் பலன் தந்திருக்கிறது. உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவில் கேளுங்கள். பிரீகபாலினும் இந்த நோவுக்கு மருந்துதான். ஆனால் தெருவில் கள்ளமாக விற்கப்படும் குளிசைகளில் அதுவும் ஒன்று. யாரோ கொடுத்தார்கள் என்று தொடங்கவேண்டாம்.

இனி இரவில் வேர்த்தால்

வேர்வையைக் கண்டு ஊகிக்க வேண்டாம். சீனி குறைந்தாலும் வேர்க்கும், பழகிய ட்ரமடோல் உடம்பில் குறைந்தாலும் வேர்க்கும். உங்கள் மாமி அன்புக்குத்தான் தேத்தண்ணி கொடுத்தார், ஆனால் அது வேறு வேர்வை. மெசின் கையில் இருந்தால் முதலில் குத்திப் பாருங்கள். ரீச்சரிடம் ஒவ்வொரு முறையும் ஓடுவதை விட, ஒரு மெசினுக்குக் காசு சேர்ப்பது இந்த வீட்டுக்கு இப்போது அவசியம். குத்திப் பார்க்கும் பட்டி விலை என்பது தெரியும். எல்லா நாளும் தேவையில்லை. அளவு மாறும் நாட்களில் படுக்கும்முன், விடிய மூன்று மணிக்கு, காலையில். மற்றபடி ஆள் குழம்பினால் எந்த நேரமும்.

70க்குக் கீழ், ஆள் விழுங்கக்கூடியவர் என்றால் மூன்று நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பனங்கட்டிதான் இருக்கிறது என்றால் அதையும் கரைத்து. பிஸ்கட்டும் சொக்லேட்டும் மெதுவாகத்தான் ஏறும். 15 நிமிடத்தில் மறுபடி குத்துங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் பாண், சோறு என்று ஏதாவது சாப்பிடவேண்டும். மெசின் இல்லாவிட்டால், ஆள் குழம்பியிருந்தால், சீனி கொடுப்பதே சரி; ஒரு முறை அதிகம் கொடுத்ததால் வரும் கெடுதி கொடுக்காததால் வருவதை விடக் குறைவு.

கிளிக்லசைட் எடுத்தவருக்குச் சீனி இறங்கினால், ஏறிய பிறகும் சில மணித்தியாலத்தில் திரும்ப இறங்கலாம். அன்று அவர் தெளிந்ததும் நீங்கள் எல்லோரும் படுத்துவிட்டீர்கள். அது அதிர்ஷ்டம். இனி அப்படி நடந்தால் தெளிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு நாள் இருக்க வேண்டும்.

ஆள் எழும்பவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், தலையிலும் வேண்டாம். பக்கவாட்டில் படுக்க வைத்து 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். மூச்சு மிக மெதுவாக, இடைவிட்டு, குறட்டை மாதிரி வந்தால் அது ட்ரமடோல் கூடிய அடையாளமாக இருக்கலாம். "ட்ரமடோல் இத்தனை போட்டவர், கிளிக்லசைட் எடுக்கிறவர்" என்று இரண்டையும் சொல்லுங்கள். இரண்டுக்கும் அங்கே மருந்து உண்டு.

இந்தக் கிழமை

அடுத்த கிளினிக் திகதி வரும் மாதம் என்கிறீர்கள். அதுவரை பொறுக்க வேண்டாம். இந்தக் கிழமையே வெளிநோயாளர் பிரிவுக்கோ மாஞ்சோலையிலுள்ள மாவட்ட ஆஸ்பத்திரிக்கோ போங்கள். இரண்டு கொப்பிகளையும், பாமசியில் வாங்கிய குளிசை அட்டையையும், மெசினில் பார்த்த இலக்கங்களைத் திகதியோடு எழுதிய ஒரு துண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போங்கள். மெட்போர்மின் தனியே எடுத்தால் சீனியை அப்படி விழுத்துவது மிக அரிது. அதை முதலில் திரும்பத் தொடங்கச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். கிளிக்லசைட்டை, அதுவும் இரவு அளவை, என்ன செய்வது என்பதை அவர்கள் பார்த்துச் சொல்லட்டும். திரும்பத் தொடங்கினால் ஒரே ஒரு விதி: சாப்பாடு இல்லையென்றால் அந்தக் குளிசை இல்லை. அதுவரை ட்ரமடோலை ஆறுக்கு மேல் ஏற்ற விடாதீர்கள். கள்ளும் கசிப்பும் வேண்டாம். அவை கொம்பறையின் கதவை இன்னும் இறுக்கிப் பூட்டும்.

அங்கே பேச வாய் வராவிட்டால் இதை வாசியுங்கள்: "இவர் ட்ரமடோல் 50 நாளுக்கு ஆறு எடுக்கிறார், ஃபுளுஒக்செட்டீனும் எடுக்கிறார், ஒரு இரவு சீனி 48க்கு இறங்கினது, இப்ப சீனிக் குளிசை நிறுத்தியிருக்கிறார், காலுக்குள்ள நோகுது." இவ்வளவு போதும். மிச்சத்தை வைத்தியர் கேட்பார். உங்களுக்கே மனம் தாங்காத இரவில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இருக்கிறது.

அவருக்குத் தெரியாமல் எழுதியது பிழையா என்று கேட்டீர்கள். பிழை இல்லை. ஆனால் கொப்பிகளைப் பைக்குள் வைக்கும்போது அவருக்குத் தெரியாமல் வைக்க வேண்டாம். காலை, கடை திறக்க முன்னம், நோவு கொஞ்சம் அடங்கிய நேரம் பார்த்து, "உங்கட நோவைக் காட்டப் போவம்" என்று தொடங்குங்கள். குளிசையைப் பற்றிய பேச்சை வைத்தியர் முன்னால் வைத்துக்கொள்ளலாம்.